காலாவதியான பிலிமும் கோடை வெயிலும்

பிலிம் பெட்டியின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் காலாவதித் தேதி, அந்தப் பிலிமின் உண்மையான நிலையைப் பற்றி நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே சொல்கிறது. அந்தப் பெட்டி கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளை எந்த ஊரில், எந்த அறையில், எந்த உயரத்தில் இருந்த தட்டில் கழித்தது என்பதே அதைவிட முக்கியமான செய்தி. என்னிடம் இப்போது இருவகைக் கறுப்பு-வெள்ளைப் பிலிம்கள் இருக்கின்றன. இரண்டும் 120 அளவுச் சுருள்கள். இரண்டும் 1980களின் கடைசியில் காலாவதியானவை. ஒன்று கிழக்கு ஜெர்மனியில் தயாரான ஆர்வோ என்.பி.22, ஈரோட்டுப் பக்கம் மூடப்பட்டுவிட்ட ஒரு ஸ்டூடியோவின் பரணில், ஓட்டுக்கு நேர் கீழே, அட்டைப்பெட்டியோடு கிடந்தது. மற்றொன்று உதகையில் தயாரான இந்து பிலிம். உதகையை விட்டு இறங்காமல், அங்கேயே ஒரு வீட்டின் இரும்புப் பீரோவில் இருந்தது. தேதியை மட்டும் பார்த்தால் இரண்டையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும். கழுவிப் பார்த்தால் இந்து பிலிம் பெட்டியில் குறித்த வேகத்தில், அதாவது ஒளியை உணரும் திறனில், ஏறக்குறையப் பாதியைத் தக்கவைத்திருக்கிறது. ஆர்வோ எட்டில் ஒரு பங்கைத்தான் தருகிறது, அதுவும் கெஞ்சிக் கேட்டால்தான்.

இந்த இரு பெயர்களும் நம் பக்கத்துப் பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு நன்கு பழக்கமானவை. ஆர்வோவைத் தயாரித்த வோல்ஃபன் நகரத்து ஆலை 1910 வாக்கில் அக்ஃபா நிறுவனத்தின் பிலிம் ஆலையாகத் தொடங்கியது. போருக்குப் பின் அது கிழக்கு ஜெர்மனியின் பங்கில் விழுந்தது. 1964 முதல் ஆர்வோ என்ற வணிகப் பெயரில் விற்றது. இந்தியாவுக்கும் கிழக்கு ஜெர்மனிக்கும் இடையே ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் வணிக ஏற்பாடு இருந்ததால், அன்னியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்திலும் ஆர்வோ இங்கே தாராளமாகக் கிடைத்தது. எழுபதுகளின் தமிழ்ப் படங்களில் பெயர்கள் ஓடும்போது 'ஆர்வோ கலர்' என்று வருவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உதகையில் இருந்தது மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ். 1960இல் நிறுவப்பட்டு, பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசு குறைந்த, குளிர்ந்த மலைக்காற்று பிலிம் பூசும் தொழிலுக்கு ஏற்றது. எக்ஸ்ரே பிலிம், திரைப்படப் பிரதிகளுக்கான பிலிம், புரோமைடு தாள், ஸ்டூடியோக்களுக்கான ரோல் பிலிம் என்று பலவும் 'இந்து' என்ற பெயரில் அங்கிருந்து இறங்கின. இரண்டு ஆலைகளுமே பின்னர் வீழ்ந்தன. வோல்ஃபன் ஆலை 1990இல் ஜெர்மனி ஒன்றிணைந்த சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. உதகை ஆலை தொண்ணூறுகளில் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, நெடுங்காலம் இழுபறியில் இருந்து, 2010களில் கதவடைத்தது. ஆகவே இந்தப் பிலிம்களில் எஞ்சியிருப்பவை எல்லாம் காலாவதியானவையே. புதிதாக வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

காலாவதி என்றால் பிலிமுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இதற்கென்று சொல்லப்படும் வீட்டு வைத்தியங்களில் பாதி, இது புரியாததால் வந்தவை. ஜெலட்டினில் வெள்ளி ஹாலைடு நுண்படிகங்கள் பரவியிருக்கின்றன. ஒளி படும்போது ஒரு படிகத்தில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் திரண்டால் போதும். பிலிமைக் கழுவும் டெவலப்பர் என்ற கரைசல் அந்த முழுப் படிகத்தையும் கறுப்பான வெள்ளி உலோகமாக மாற்றிவிடும். இந்தச் சிறு திரளை ஒளிதான் உண்டாக்க வேண்டும் என்பதில்லை. வெப்பமும் மெதுவாக அதையே செய்கிறது. விண்ணிலிருந்து வரும் கதிர்களும், சுற்றியுள்ள கற்களிலும் சுவர்களிலும் இருக்கும் இயற்கைக் கதிரியக்கமும் செய்கின்றன. பக்கத்தில் இருக்கும் சில வாயுக்களும் செய்கின்றன. டெவலப்பருக்கு இவற்றுக்கிடையே வேறுபாடு தெரியாது. ஒளியே படாத படிகங்களும் கறுத்துப்போவதால் நெகட்டிவ் முழுவதும் ஒரு சாம்பல் திரை படிகிறது. இதைத்தான் மூட்டம் என்கிறோம். கூடவே, ஒளியை ஏற்கும் திறனும் தேய்கிறது. ஆக, ஒருபுறம் தரைமட்டம் உயர்கிறது, மறுபுறம் படம் குட்டையாகிறது. இரண்டுக்கும் நடுவில் எஞ்சும் இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் கான்ட்ராஸ்ட்.

வேகம் மிகுந்த பிலிமில் படிகங்கள் பெரியவை. குறைந்த தூண்டலிலேயே விழித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. வேகம் கூட்டுவதற்காகப் பயன்படுத்தும் உத்திகளுள் ஒன்று, மிகச் சிறிய அளவில் தங்க உப்பைச் சேர்ப்பது. 1930களின் நடுவில் இதைக் கண்டறிந்தவர் வோல்ஃபன் ஆலையிலேயே பணியாற்றிய ராபர்ட் கொஸ்லோவ்ஸ்கி. எளிதில் விழித்துக்கொள்ளும் படிகம், காரணமில்லாமலும் விழித்துக்கொள்கிறது. அதனால்தான் அரைநூற்றாண்டு பழைய 25 அல்லது 50 ஏஎஸ்ஏ பிலிம் (ஏஎஸ்ஏ என்பது வேகத்தின் அளவு; எண் கூடினால் வேகமும் கூடும்) வியக்கும்படி நன்றாக இருக்கிறது. 400 ஏஎஸ்ஏ பிலிம் இருபது ஆண்டுகளிலேயே சோர்ந்துவிடுகிறது. 3200 என்று குறிக்கப்பட்ட பிலிமைக் காலாவதியான பின் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். என்.பி.22 என்பது ஜெர்மானிய அளவில் 22 டின், அதாவது 125 ஏஎஸ்ஏ; நடுத்தர வேகம். இதே குடும்பத்தில் 400 ஏஎஸ்ஏ வேகமுள்ள என்.பி.27 சுருள்களும் அதே பரணில் இருந்தன. அவற்றில் படம் தேடுவது வீண்வேலை.

'பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுங்கள்' என்று ஒரு சூத்திரம் எல்லா இடங்களிலும் உலவுகிறது. ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் ஒளியை இருமடங்காக்குவது. ஒரு தொடக்கப் புள்ளியாக அதை ஏற்கலாம். விதியாக ஏற்க முடியாது. வெப்பம் கூடக்கூட வேதிவினைகளின் வேகம் பன்மடங்காகும். ஆண்டின் பெரும்பகுதி இருபது டிகிரிக்குக் கீழே இருக்கும் ஊரில் கழித்த பத்தாண்டும், ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டின் அடியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் பரணில் கழித்த பத்தாண்டும் பிலிமைப் பொறுத்தவரை ஒன்றல்ல. உதகைப் பிலிமுக்கு இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினால் மூன்றரை ஸ்டாப் கொடுத்து வெளிச்சப் பகுதிகளை வீணாக அடைத்துவிடுவோம். ஈரோட்டுப் பிலிமிலோ ஒளியை மட்டும் கூட்டுவதால் காரியம் ஆகாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூடுதல் ஒளி மூட்டத்தைக் குறைப்பதில்லை. இரைச்சல் மிகுந்த பேருந்து நிலையத்தில் நாம் குரலை உயர்த்திப் பேசுவதைப் போல, படத்தின் நிழல் பகுதிகளை மூட்டத்துக்கு மேலே தூக்கி நிறுத்துகிறது, அவ்வளவுதான். குரலை உயர்த்துவதற்கும் ஓர் எல்லை உண்டு.

ஆகவே ஊகிப்பதை விட்டுவிட்டு அளப்பதே சரியான வழி. ஒரே பெட்டியில், ஒரே இடத்தில் இருந்த சுருள்கள் பல கிடைத்தால், அவற்றில் ஒன்றைச் சோதனைக்கென்று ஒதுக்கிவிடுவேன். என்னிடம் இருப்பது யாஷிகா மேட் கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். வெளிச்சமும் நிழலும் ஒருசேர இருக்கும் ஏதேனும் ஒரு காட்சியை முக்காலியில் கேமராவைப் பொருத்தித் தேர்ந்துகொள்வேன்: வெள்ளைச் சுவர், அதன் முன் ஒரு கறுப்புக் கம்பளி, பக்கத்தில் சாம்பல் நிறக் கருங்கல் படி என்று இருந்தால் போதும். முதல் ஐந்து படங்களை 125, 64, 32, 16, 8 என்று வேகத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக் கணக்கிட்டு எடுப்பேன். ஆறாவதையும் ஏழாவதையும் லென்சை மூடியபடியே தட்டிவிடுவேன். எட்டு முதல் பன்னிரண்டு வரை மீண்டும் அதே ஐந்து. இருட்டறையில் சுருளைப் பிரித்து, நீளவாக்கில் சரிபாதியாக மடித்து, மடிப்பில் வெட்டினால் கத்தரிக்கோல் அந்த வெற்றுப் படங்களுக்கு நடுவில்தான் விழும். ஒரே காட்சி, ஒரே ஒளி, ஒரே பிலிம், இரண்டு துண்டுகள். ஒன்றை வழக்கமான டெவலப்பரிலும் மற்றதை மூட்டம் தடுக்கும் மருந்து சேர்த்த டெவலப்பரிலும் கழுவிப் பார்க்கலாம். ஒளி படாமல் விட்ட இரு படங்களும் மூட்டத்தின் அளவை நேரடியாகக் காட்டிவிடும்.

வெட்டும்போதே சுருளின் கடைசியிலிருந்து இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்றையும் எடுத்துவைத்துக்கொள்வது பயனுள்ளது. அதை டெவலப்பரில் போடாமல் நேரே ஹைப்போவில், அதாவது எஞ்சிய வெள்ளி ஹாலைடைக் கரைத்து நீக்கும் கரைசலில், போட வேண்டும். அது பால்நிறம் மாறித் தெளிவதற்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டால், அதைப்போல் இருமடங்கு நேரம் மொத்தப் பிலிமையும் ஹைப்போவில் வைத்தால் போதும் என்று தெரிந்துவிடும். தெளிந்த அந்தத் துண்டு பிலிமின் வெறும் அடித்தளத்தைக் காட்டுகிறது. அதையும் கழுவிய வெற்றுப் படத்தையும் ஒளிப்பெட்டியின்மேல் அடுத்தடுத்து வைத்தால், இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் மூட்டமே. இதை எண்ணாகச் சொல்ல விரும்பினால் டிஜிட்டல் கேமராவே போதும். ஒளிப்பெட்டியை நோக்கி வைத்து, துவாரத்தை மாற்றாமல், இரு துண்டுகளையும் மாறி மாறி லென்சின் முன்னே பிடித்து ஷட்டர் வேகம் எத்தனை ஸ்டாப் நகர்கிறது என்று பார்க்கலாம். பிலிமின் கறுப்பை அளக்கும் அடர்த்தி என்ற அளவில் ஒரு ஸ்டாப் என்பது 0.30. பரணில் கிடந்த ஆர்வோவில் மூட்டம் இரண்டு ஸ்டாப்பைத் தாண்டியது. பீரோவில் இருந்த இந்து பிலிமில் ஒரு ஸ்டாப்பைக்கூட எட்டவில்லை.

சோதனைச் சுருளைப் படிக்கும்போது நெகட்டிவ் எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. மூட்டம் மிகுந்த பிலிமில் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும். கம்பளியின் இழைகள் வெற்றுப் படத்தின் சாம்பலிலிருந்து எந்தப் படத்தில் முதன்முதலாகப் பிரிந்து தெரிகின்றன என்பதே கேள்வி. அந்தப் படத்துக்குக் கொடுத்த வேகம்தான் இனி அந்தப் பெட்டிக்கு உரிய வேகம். ஆர்வோவுக்கு அது 16 என்று வந்தது. கேட்பதற்குத்தான் இது மிகவும் குறைவு. நம் ஊர் நண்பகல் வெயிலில் 16 ஏஎஸ்ஏ என்பது எஃப் 8 துவாரத்தில் அறுபதில் ஒரு வினாடி. கையில் பிடித்தபடியே எடுத்துவிடலாம்.

இனிக் கழுவுவது. டி-76 என்ற டெவலப்பர் எனக்குப் போதுமானது. 1927 முதல் புழக்கத்தில் இருக்கும் சூத்திரம், நானே கலந்துகொள்கிறேன். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். ஐம்பது டிகிரி அளவுக்குச் சூடான முக்கால் லிட்டர் நீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டை முதலில் போட்டு, பிறகு மெட்டாலைக் கரைத்து, அதன் பின்னரே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும்; சல்ஃபைட் செறிந்த நீரில் மெட்டால் கரைய மறுக்கும். புதுப் பிலிமுக்கு இதில் ஒரு பங்கு, நீர் ஒரு பங்கு என்று பலர் நீர்த்துப் பயன்படுத்துகிறார்கள். பழைய பிலிமுக்கு நான் நீர்ப்பதில்லை. மூட்டப் படிகங்களில் பல மெதுவாக வளர்பவை. டெவலப்பரில் நெடுநேரம் கிடந்தால் அவையும் மேலெழுந்துவிடும். செறிவான கரைசலில், நேரத்தைச் சுருக்கி, நன்றாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கழுவினால், படம் வளர்ந்துவிடும். மூட்டம் முழுதாக வளர நேரம் கிடைக்காது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மட்டும் ஆங்காங்கே சீரற்றுப்போகும்.

மூட்டத்தைத் தடுக்கும் மருந்துகளில் பொட்டாசியம் புரோமைடும் பென்சோட்ரையசோலும் முக்கியமானவை. இரண்டுமே படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு டெவலப்பரின் தாக்குதலைத் தாமதப்படுத்துகின்றன. அந்தத் தாமதத்தில் நலிந்த மூட்டப் படிகங்கள் பின்தங்குகின்றன. பென்சோட்ரையசோலை 1 விழுக்காட்டுக் கரைசலாகச் செய்துவைத்துக்கொண்டு, ஒரு லிட்டர் டெவலப்பருக்கு 10 மில்லி என்ற அளவில் தொடங்குகிறேன். இது இலவசம் அன்று: பின்தங்குபவற்றில் நிழல் பகுதியின் உண்மையான படிகங்களும் உண்டு, ஆகவே வேகம் கொஞ்சம் குறையும். ஆர்வோவில் இந்த இழப்பை ஏற்றுக்கொண்டதற்குப் பலன் இருந்தது: சோதனைச் சுருளின் இரண்டாம் பாதியில் மூட்டம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தது. இந்து பிலிமில் அதே மருந்து வேகத்தைத் தின்றதுதான் மிச்சம். அதில் விரட்டுவதற்குப் போதிய மூட்டம் இல்லை. காலாவதியான எந்தப் பிலிமானாலும் மருந்தைச் சேர் என்பவர்களின் ஆலோசனையை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

வெப்பநிலை நமக்கென்றே வாய்த்த தொல்லை. உலகெங்கும் அட்டவணைகள் 20 டிகிரிக்கு எழுதப்பட்டிருக்கின்றன. கோடையில் நம் மேல்நிலைத் தொட்டி நீர் 32 டிகிரியில் வருகிறது. அந்த வெப்பத்தில் ஜெலட்டின் ஊதி மென்மையாகும். நகம் பட்டாலும் உரியும். மூட்டமும் விரைந்து வளரும். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, பனிக்கட்டி இட்ட பாலித்தீன் பைகளை மிதக்கவிட்டு, டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் அமில நீர், ஹைப்போ, கழுவும் நீர் நான்கையும் அதிலேயே வைத்து 24 டிகிரிக்குக் கொண்டுவருகிறேன். இருபதுக்கு இறக்குவதைவிட இது எளிது. நேரத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும். டெவலப்பரின் வெப்பம் எவ்வளவு முக்கியமோ, நான்கு நீர்களும் ஒரே வெப்பத்தில் இருப்பது அவ்வளவு முக்கியம். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்து வெதுவெதுப்பான குழாய்நீரில் போட்டால் ஜெலட்டின் சுருங்கி விரிந்து வலைபோல் வெடிக்கக்கூடும். முதிய பிலிமில் அந்த ஆபத்தை ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும்? நம் பழைய ஸ்டூடியோக்களில் ஹைப்போவோடு படிகாரம் சேர்த்து ஜெலட்டினை இறுகச் செய்யும் வழக்கம் இருந்தது. வெப்ப நாட்டுக்கு அது அறிவார்ந்த வழக்கம். நானும் அதைத் தொடர்கிறேன்.

டெவலப்பரை மிகவும் நீர்த்து, அசைக்காமல் ஒரு மணிநேரம் அப்படியே விட்டுவிடும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகம் தெரியாத பழைய பிலிமுக்கு இதுவே சர்வரோக நிவாரணி என்று ரோடினால் என்ற டெவலப்பரின் பிரியர்கள் பரிந்துரைக்கிறார்கள். ரோடினாலின் மீது எனக்குக் குறையில்லை. 1891இல் அக்ஃபா காப்புரிமை பெற்ற அந்தத் திரவம் இன்றும் உயிரோடிருப்பதே அதன் தகுதிக்குச் சான்று. ஆனால் மூட்டம் மிகுந்த பிலிமை ஒரு மணிநேரம் டெவலப்பரில் ஊறவிடுவது, விரட்ட நினைக்கும் விருந்தாளிக்குப் பாய் விரித்துப் போடுவது. போதாக்குறைக்கு, அசையாத கரைசலில் படத்திலிருந்து வெளியேறும் புரோமைடு கீழ்நோக்கி வழிந்து கோடுகளாகப் பதிந்துவிடும். மூட்டம் குறைந்த பிலிமில் அந்த முறை வேலைசெய்யலாம்; அத்தகைய பிலிமுக்கோ அந்த முறையே தேவையில்லை.

ரோல் பிலிமுக்கே உரிய ஒரு தீங்கு அதன் பின்புறத்துக் காகிதம். முப்பது மழைக்காலங்களின் ஈரம் ஏறிய காகிதத்திலிருந்து, அதில் அச்சிட்ட எண்களும் அம்புக்குறிகளும் பிலிமுக்குள் இறங்கிவிடுகின்றன. வானத்தின் நடுவில் மங்கலாக '7' என்று ஒரு எண் தெரியும். அல்லது படம் முழுவதும் புள்ளிப் புள்ளியாகத் தேமல் போலப் படரும். இதற்கு மருந்தே கிடையாது. மூட்டம் சீராக இருந்தால் அதோடு வாழ்ந்துவிடலாம். சீரற்ற மூட்டத்தோடு வாழ முடியாது. ஆகவே வாங்கும்போது அலுமினியத்தாள் உறை பிரியாமல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கிறேன். உறை பிரிந்து, காகிதத்தின் விளிம்பு அலையலையாக நெளிந்திருந்தால் அது ஈரம் கண்ட சுருள். 35 மி.மீ. பிலிமுக்குப் பின்காகிதம் இல்லாததால் அதில் இந்தத் தொல்லை மட்டும் கிடையாது.

எதைப் படமெடுப்பது என்பதும் பிலிமின் நிலையைப் பொறுத்தே அமைய வேண்டும். மூட்டம் கான்ட்ராஸ்டைத் தின்னும். ஆகவே கான்ட்ராஸ்ட் மிகுந்த காட்சிகளையே அதற்குத் தர வேண்டும். புதுப் பிலிமில் நாம் விலகி ஓடும் நண்பகல் வெயில் இங்கே துணையாகிறது. மண்டபத் தூண்களுக்கிடையே விழும் கீற்று, சுண்ணாம்பு அடித்த சுவரின்மேல் வேப்பமர நிழல், வெயிலில் காயும் வெள்ளை வேட்டிகளுக்குப் பின்னே இருண்ட வாசல்: இவை நன்றாக வரும். மார்கழி அதிகாலைப் பனி, மேகம் மூடிய மலைச்சரிவு, வீட்டுக்குள் சன்னலருகே ஒரு முகம்: இவற்றை ஆர்வோவில் எடுத்தால் சாம்பலுக்குள் சாம்பல்தான் கிடைக்கும். பழைய பிலிமின் அந்த மங்கலே அழகு, அதிலொரு நினைவின் சாயல் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ரசனை இல்லை. அந்தச் சுருளைச் செய்தவர்கள் மூட்டத்தைக் குறைக்கத்தான் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள். நானும் அவர்கள் பக்கமே நிற்கிறேன். திருமணம், குழந்தையின் முதல் பிறந்தநாள் போல மறுபடி கிடைக்காத நிகழ்வுகளுக்கு இந்தப் பிலிமை எடுத்துச் செல்வது அறிவீனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிடைத்த நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடும்போது சீரான மூட்டம் பெரிய பகையில்லை. 0.60 அடர்த்தியுள்ள மூட்டம் என்றால் என்லார்ஜரில் இரண்டு ஸ்டாப் கூடுதல் நேரம், அவ்வளவே. கான்ட்ராஸ்ட் குறைவை, அதைக் கூட்டித் தரும் நான்காம் எண் வடிகட்டியால் ஈடுகட்டலாம். ஸ்கேன் செய்பவர்களுக்கு இது இன்னும் எளிது. மூட்டம் மிகவும் தடித்துப்போய், குறிப்பிட்ட ஒரு நெகட்டிவ் மட்டும் காப்பாற்றத் தகுந்தது என்று தோன்றினால் நெகட்டிவிலிருந்து வெள்ளியைக் கரைக்கும் ஃபார்மர் ரெடியூசரைக் கையில் எடுக்கலாம். 1883இல் ஹோவர்ட் ஃபார்மர் சொன்ன முறை இது: பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடையும் அமிலம் சேராத வெறும் ஹைப்போவையும் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் கலந்து, நெகட்டிவை அதில் அமிழ்த்த வேண்டும். எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவு வெள்ளியை அது கரைத்துச் செல்லும் என்பதால், மூட்டத்தைக் கழித்துவிடுவதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் நிழல் பகுதியின் மெல்லிய விவரங்களும் மூட்டத்தோடு மூட்டமாகப் போய்விடும். நீர்த்த கரைசலில், முழு வெளிச்சத்தில், கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு, போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே எடுத்து நீரில் போட வேண்டும். ஃபெர்ரிசயனைடை வலிமையான அமிலங்களின் அருகில்கூட வைக்கக் கூடாது, நச்சுவாயு வெளிப்படும்.

பழைய கேமராக்களோடு சில வேளை, எப்போதோ எடுக்கப்பட்டு, கழுவப்படாமலே விடப்பட்ட சுருள்களும் வந்துசேரும். அது முற்றிலும் வேறு கணக்கு. அங்கே ஒளியைக் கூட்டிக் கொடுக்கும் வாய்ப்பு முடிந்துபோனது. ஒளி பட்டுப் பதிந்து, கழுவும்வரை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் மறைபடிமமும் காலத்தோடு கரைந்திருக்கும். மூட்டத்தைத் தடுப்பது ஒன்றே நம் கையில் இருக்கிறது. ஆனாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 1897இல் பலூனில் வடதுருவம் செல்லப் புறப்பட்டு மறைந்த சுவீடன் நாட்டு ஆந்திரேயின் குழுவின் உடல்களும் உடைமைகளும் 1930இல் குவிட்டோயா தீவில் கிடைத்தபோது, குழுவின் புகைப்படக்காரர் நில்ஸ் ஸ்டிரிண்ட்பெர்க் எடுத்த பிலிம்களும் பனியில் கிடந்தன. ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த யோன் ஹெர்ட்ஸ்பெரி அவற்றைக் கழுவினார். 240 படங்களில் 93 மீண்டன. பனித்தரையில் சரிந்து கிடக்கும் பலூனும் அதனருகே நிற்கும் இருவரும் இன்றும் நாம் பார்க்கக் கிடைக்கும் படம் அவற்றுள் ஒன்று. முப்பத்துமூன்று ஆண்டுகள் பனியிலும் ஈரத்திலும் கிடந்த பிலிம் அது. ஈரம் பல படங்களைத் தின்றுவிட்டது. ஆனால் எஞ்சியவற்றைக் காத்தது குளிர். அதே பிலிம் அதே முப்பத்துமூன்று ஆண்டுகளை ஈரோட்டுப் பரணில் கழித்திருந்தால், ஹெர்ட்ஸ்பெரியின் திறமை முழுவதையும் திரட்டினாலும் ஒரு படம்கூட மீண்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

எஞ்சியிருக்கும் சுருள்களைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். வெப்பத்தின் வேலையை ஃப்ரீசர் ஏறக்குறைய நிறுத்திவிடும். கதிர்களின் வேலையை நிறுத்தாது, ஆனால் 125 ஏஎஸ்ஏ பிலிமில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவே. வெளியே எடுத்தவுடன் உறையைப் பிரித்தால் காற்றின் ஈரம் பிலிமின் மேல் துளிர்த்துவிடும் என்பதால், முந்தைய இரவே எடுத்து வெளியே வைத்துவிடுகிறேன். யாராவது பழைய பிலிம் விற்பதாகச் சொன்னால் நான் முதலில் கேட்பது ஊரின் பெயரை, அடுத்து, எந்த மாடி என்பதை, மூன்றாவதாக ஏஎஸ்ஏ, தேதியைக் கடைசியில்தான். குன்னூரோ கொடைக்கானலோ என்றால் பேருந்து ஏறிவிடுவேன். மொட்டைமாடி அறை என்று பதில் வந்தால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், சோதனைக்கு ஒரு சுருள் மட்டும் முதலில் அனுப்பச் சொல்கிறேன்.